கிரகணம் செய்யாத காரியம்

புதுவயலில் ரவிக்கை தைக்க வேண்டுமென்றால் பெண்கள் ஆரிபாவைத்தான் தேடிப் போவார்கள். இரண்டு கையிலும் நடுவிரல்கள் இல்லாமல், உள்ளங்கை நண்டுக் கொடுக்குப் போலப் பிளந்து பிறந்தவள் அவள். பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் துணியைப் பிடித்து மெஷினை மிதித்தால் தையல், நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும்.

அவள் அம்மா நபீஸாதான் அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளுக்குள் குமைந்தாள். ஆரிபா வயிற்றில் இருந்தபோது கிரகணத்தன்று மறதியாகக் கத்தரிக்காய் அரிந்துவிட்டாளாம். அதனால்தான் என்று மாமியார் சொன்ன சொல் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. 1971-இல் ஆரிபா பிள்ளை உண்டானதும் நபீஸா வீட்டிலிருந்த அரிவாள்மணையையே எடுத்து ஒளித்துவைத்தாள்.

ஆரிபாவின் கணவன் சபியுல்லா மில் லாரி ஓட்டுபவன். மதுரைக்கு அரிசி ஏற்றிப் போனபோது ஆரிபாவையும் நபீஸாவையும் கூட்டிப்போய் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினான். கரு உண்டான இரண்டு மாதத்துக்குள், கை முளைக்கும்போதே இப்படி அமைந்துவிடுகிறது என்றார் அவர். தாயின் ரத்தத்தோடு பிள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம்; பாதிக்குப் பாதி. முன்கூட்டியே பார்க்க வழியில்லையா என்று சபியுல்லா கேட்டான். கடைசி மாதங்களில் எக்ஸ்ரே எடுத்தாலும் அவ்வளவு சின்ன எலும்பு தெளிவாகத் தெரியாது, பிள்ளைக்கும் அது நல்லதில்லை என்றார்.

நபீஸா மெல்ல வாய் திறந்தாள்.

"அப்ப, நான் காய் அரிஞ்சதுனால இல்லையா டாக்டரம்மா?"

"இல்லம்மா. நீங்க செஞ்ச எதுனாலயும் இது வரல."

நபீஸா முக்காட்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஊர் திரும்பும் வழியெல்லாம் மகள் கையைத் தன் மடியிலேயே வைத்திருந்தாள்.

பிறந்தது பெண். கை அச்சு அசலாக ஆரிபாவின் கை. பார்க்க வந்தவர்கள் முகம் மாறுவதற்குள் பக்கத்து வீட்டு அன்னக்கிளி துணியை இழுத்து மூடப்போனாள். ஆரிபா தடுத்தாள்.

"மூடாதீக அக்கா. எல்லாரும் நல்லா பாத்துக்கிறட்டும்."

ஒருத்தி தயங்கித் தயங்கிக் கிரகணத்தைப் பற்றிக் கேட்டாள். பதில் சொன்னது நபீஸா.

"கிரகணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது எங்க குடும்பத்துக் கையி."

இத்தனை வருஷத்தில் அம்மா இப்படித் தலைநிமிர்ந்து பேசி ஆரிபா பார்த்ததில்லை.

பிள்ளைக்கு ஹாஜிரா என்று பெயர் வைத்தார்கள். அவள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம், பெருநாள் சட்டைக்கு முழுக்கை வைத்துத் தைக்கலாமே என்று பலரும் சொன்னார்கள். ஆரிபா குட்டைக் கை வைத்தாள். இரண்டு மணிக்கட்டிலும் சிவப்புக் கண்ணாடி வளையல்களை அடுக்கி, மகளைக் கடைவீதி முழுக்க நடத்திக் கூட்டிப்போனாள்.