மேட்சிங் கடைக்காரரின் கண்

என் தங்கைக்கு மாதா கோயில் திருவிழாவுக்காக எடுத்த புடவை வாடாமல்லி நிறம். அதற்கு ஜாக்கெட் துணி வாங்க, வில்லியனூர்க் கடைத்தெருவில் நாங்கள் எப்போதும் போகும் மேட்சிங் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். தெருவே அவரை பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். முந்தானையை ஒருமுறை பார்ப்பார். பின்னால் திரும்பி, சுவர் முழுக்க அடுக்கியிருக்கும் துணிக்கட்டுகளில் ஒன்றை உருவி மேஜைமேல் போடுவார். அதற்கு மேல் தேட வேண்டியிருக்காது. அன்றும் அப்படித்தான் உருவிப் போட்டார். அது நீலம்.

"பாய், இது ப்ளூவாச்சே."

அவர் சிரித்தார். "டியூப்லைட்டுல அப்பிடித் தெரியுது மேடம். வெயில்ல காட்டிப் பாருங்க."

வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்த்தேன். வெயிலிலும் நீலம்தான். உள்ளே திரும்பியபோது வேறொரு பெண் ஒரு துண்டுத் துணியை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா பாய், கிளிப்பச்சை கேட்டா மண்ணு கலர்ல குடுத்து அனுப்பியிருக்க? தைக்கப் போன எடத்துல சிரிக்கிறாங்க."

அவர் கத்தரிக்கோலை எடுத்து எதையோ வெட்டுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கழுத்து எலும்புகள் சட்டைக்கு மேலே தெரிந்தன. எப்போது இப்படி இளைத்தார் என்று நினைத்தேன்.

நான் கண் பரிசோதனை செய்பவள். கண் மருத்துவர் இல்லை. பார்வையை அளந்து கண்ணாடி எழுதிக் கொடுப்பதும், கண்ணில் வேறு கோளாறு தெரிந்தால் உரிய மருத்துவரிடம் அனுப்புவதும் என் வேலை. எத்தனை முறை சொன்னாலும் ஊர் டாக்டரம்மா என்றே கூப்பிடுகிறது. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இரண்டு அறைகள். ஆரம்பித்த புதிதில், 'கண்ணாடி வாங்கப் போனா ஒக்கார வெச்சி கதை கேக்கறாங்க' என்று என்னைக் கேலி செய்தார்கள். நான் உண்மையிலேயே கதைதான் கேட்டேன். என்ன வேலை செய்கிறீர்கள், எவ்வளவு தூரத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள், எந்த நேரத்தில் மங்குகிறது என்றெல்லாம். ஏம்பலத்திலிருந்து வந்த கரும்பு விவசாயி ஒருவர், கண்ணாடியே தேவையில்லை என்று நான் திருப்பி அனுப்பியதற்காகவே தன் தெருக்காரர்களை எல்லாம் கூட்டிவந்தார். மெல்ல மெல்ல முன்னறை பெஞ்சுகள் நிறைந்தன. பாகூர்ப் பக்கத்திலிருந்தும் அபிஷேகப்பாக்கத்திலிருந்தும் இரண்டு பஸ் மாறி வந்து காத்திருந்தார்கள். இந்தச் சிறிய ஊரில் அதற்கு மேல் ஒரு தொழில் நன்றாக நடக்க முடியாது.

அதனால் அன்று கடையை விட்டுக் கிளம்பும்போது, "ஒரு நாளு வந்து கண்ணைக் காட்டிட்டுப் போங்க பாய்" என்று தைரியமாகச் சொன்னேன்.

வந்தார். மனைவியும் கூட வந்திருந்தார். அவர் ஏற்கெனவே என்னிடம் கண்ணாடி வாங்கியவர், கலகலப்பாகப் பேசுவார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். பாயின் சட்டைப்பையில் வேறு கடையில் வாங்கிய இரண்டு கண்ணாடிகள் இருந்தன. "ரெண்டும் ஒண்ணுத்துக்கும் ஒதவல மேடம்" என்று எடுத்து வைத்தார்.

நானும் லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டேன். எதைப் போட்டாலும் அட்டையில் மேலே இருக்கும் பெரிய எழுத்துகளோடு நின்றுவிட்டார். நடுவில் புகை படிந்ததுபோல் இருக்கிறது என்றார். வலி இல்லை, சிவப்பு இல்லை. விளக்கை வைத்து உள்ளே பார்த்தேன். கண்புரை இல்லை, விழித்திரை சுத்தமாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. குற்றம் கண்ணில் இல்லையென்றால் அதற்குப் பின்னால் இருக்கும் நரம்பில்தான் இருக்க வேண்டும்.

வண்ணப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் அட்டைகளைக் காட்டினேன். முதல் அட்டையைத் தவிர எதிலும் எண் தெரியவில்லை. மருந்துப் புட்டியின் சிவப்பு மூடியை அவர் முகத்துக்கு நேரே பிடித்து என்ன நிறம் என்று கேட்டேன்.

"பாக்கு கலரு."

மனைவி சிரித்துவிட்டார். "இன்னா விளையாடறீங்களா? செவப்புங்க அது."

அவர் சிரிக்கவில்லை. மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா பாய்?"

"இல்ல மேடம். வயித்துப் புண்ணுக்கு எப்பனா போடுவேன், அவ்ளோதான்."

"வயித்துப் புண்ணுதான் இவருக்கு" என்று மனைவி ஆரம்பித்தார். "சாப்பாடே எறங்கறதில்ல. ஒடம்பு ஒரே சூடு. ஒண்ணுக்குப் போனா கூட செம்மண்ணு தண்ணி மாதிரிப் போவுது. எளநி வாங்கிக் குடிச்சிகினே இருக்கறாரு, கொறைய மாட்டேங்குது."

நான் பாயைப் பார்த்தேன். அவர் தன் மனைவிக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தார். பார்வை மங்கிய அந்தக் கண்கள் என்னிடம் என்ன கேட்டன என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"அக்கா, கண்ணுல சொட்டு மருந்து விட்டு இருட்டுல பாக்கணும். நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க" என்றேன்.

கதவு மூடியதும் தானாகவே சொன்னார். காசநோய். கடலூரில் ஒரு தனியார் டாக்டரிடம் போய் மருந்து வாங்கிக்கொண்டிருக்கிறார். மாத்திரைகள் கடையில், ஊக்கு டப்பாவுக்குப் பின்னால். வீட்டில் யாருக்கும் தெரியாது. முதுகு வலி என்று சொல்லித் தனியாகப் படுக்கிறார்.

"ஏன் பாய்?"

"நான் தொட்ட துணிய ஜனங்க ஒடம்புல போடுவாங்களா மேடம்? தெருவுல ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும், கடைய மூட வேண்டியதுதான். அவ நல்லவதான். ஆனா அவ வாயில தங்காது."

காசநோய் மருந்துகளில் ஒன்று சிறுநீரைச் சிவக்க வைக்கும்; இன்னொன்று சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்கும். முதலில் போவது சிவப்பும் பச்சையும். சீக்கிரம் கண்டுபிடித்து மருந்தை மாற்றினால் பார்வை திரும்பலாம். இதைச் சொல்லிவிட்டு, மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, நாளைக்கே புதுச்சேரியில் நான் சொல்லும் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றேன். வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை செய்தாகிவிட்டதா என்றும் கேட்டேன்.

"பாத்தாச்சி மேடம். ஒண்ணுமில்ல."

வீட்டில் யாருக்கும் தெரியாதபோது எப்படிப் பார்த்தார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. எழுந்து நின்றவர் என் மேஜையைப் பிடித்துக்கொண்டு, "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். சொல்ல மாட்டேன் என்றேன். வெளியே அவர் மனைவி பக்கத்தில் இருந்த பெண்ணிடம் என் கைராசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

அவர் மறுநாள் போகவில்லை. கல்யாண மாதம், கடையில் கூட்டம் என்று போனில் சொன்னார். அடுத்த வாரம் என்றார். அடுத்த வாரமும் போகவில்லை. கடைக்கே போனேன். வாடிக்கையாளர்கள் நிற்கும்போது நான் என்ன பேச முடியும்? ஃபால்ஸ் துணி வாங்குவதுபோல நின்று, "நான் சொன்ன வேலை இன்னா ஆச்சு பாய்?" என்றேன். "ஆயிடும் மேடம், ஆயிடும்" என்று துணியை மடித்துக் கையில் கொடுத்தார். அது நான் கேட்ட நிறம் இல்லை. வாங்கிக்கொண்டு வந்தேன்.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை, பெஞ்சுகள் நிறைந்திருக்கும்போதே அறையைப் பூட்டினேன். "இவ்ளோ தூரம் வந்து காத்துனு இருக்கறோமே" என்று முனகியவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஆட்டோ பிடித்துக் கடை வாசலில் நிறுத்தினேன். என்னைப் பார்த்ததும் ஷட்டரை இறக்கிவிட்டுப் பேசாமல் வந்து உட்கார்ந்துகொண்டார். ஆரியப்பாளையம் பாலத்தைக் கடக்கும்போது மட்டும், "ஆத்துல தண்ணி போவுதா மேடம்?" என்று கேட்டார். கொஞ்சம் போகிறது என்றேன்.

கண் மருத்துவர் நான் நினைத்ததையே சொன்னார். நெஞ்சுநோய் மருத்துவரிடம் அங்கிருந்தே பேசி கண்ணைத் தாக்கிய அந்த ஒரு மருந்தை அன்றே நிறுத்தினார்கள். சிகிச்சையையும் கடலூரிலிருந்து அரசு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே, வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் வந்து பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இனி மறைக்க முடியாது என்று அவருக்குப் புரிந்தது. வீட்டுக்குப் போய் அவரே சொல்லியிருக்கிறார்.

சில நாட்கள் கழித்து அவர் மனைவி என்னிடம் வந்தார். தனியாக வந்திருந்தார். தன் முறைக்காகக் காத்திருந்து, மற்ற எல்லோரையும்போல உள்ளே வந்து, பரிசோதனை நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"அன்னைக்கி என்ன வெளிய ஒக்காரச் சொன்னீங்களே. எதுக்கு?"

கையிலிருந்த விளக்கைக் கீழே வைத்தேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. மூத்திரம் செவப்பாப் போவுதுன்னு நான்தானே உங்ககிட்ட சொன்னேன்? நான் சொன்னத வெச்சி நீங்க கண்டுபுடிச்சிட்டு, என்னையே வெளிய அனுப்பிட்டீங்க."

"அக்கா, இந்த ரூம்ல ஒருத்தர் சொல்றத நான் இன்னொருத்தர்கிட்ட சொல்லக் கூடாது. அவரு கேட்டுக்கிட்டாரு."

"அவரு கண்ணப் பாத்தீங்க, சரி." நெஞ்சில் கையை வைத்தார். "இத யாரு பாக்கறது? எனக்கும் இருக்குதாம். நேத்து சொன்னாங்க."

நான் எழுந்து அவர் பக்கத்தில் போனேன். அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"ராவெல்லாம் இருமுவேன். தூசின்னு நெனச்சிகினு இருந்தேன். பேரப்புள்ளயத் தூக்கி வெச்சிகினு இருந்தேன். அதுக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க, அல்லா காப்பாத்தினான். இருந்திருந்தா?"

கதவைத் திறந்து வைத்துவிட்டே போனார். முன்னறையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

நான் வாக்குக் கொடுத்ததை மீறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பாய் அதற்குப் பிறகு என்னிடமோ வேறு யாரிடமோ உண்மையைச் சொல்லியிருக்க மாட்டார். இன்று வேறொருவர் அப்படிக் கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அம்மாவின் கேள்விக்கு இது பதில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பாய் மட்டும் சோதனைக்கு வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு மாதமும் அட்டையில் ஒரு வரி கீழே இறங்கினார். ஒருமுறை அட்டையின் நடு வரி வரை படித்துவிட்டு, குழந்தைபோலச் சந்தோஷப்பட்டார். அதோடு நின்றுவிட்டது. வண்ண அட்டைகளில் எண்கள் தெரியவே இல்லை.

"கலரு வருமா மேடம்?"

"இவ்ளோ நாள்ல வரலன்னா, இனிமே வர்றது கஷ்டம் பாய்."

தலையாட்டினார். "பொய் சொல்லாம சொன்னீங்களே, அது போதும்" என்றார். எனக்கு அது போதவில்லை.

கொஞ்ச நாள் அவர் மனைவி கடையில் உட்கார்ந்து நிறம் எடுத்துக் கொடுத்தார். மருந்தின் அசதியில் அந்த அம்மாவாலும் தொடர முடியவில்லை. செய்தி எப்படியோ தெருவுக்கும் போய்விட்டது. பேருந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக வந்த மேட்சிங் கடைக்குப் பெண்கள் போக ஆரம்பித்தார்கள். ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது சுவரில் நிறங்கள் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் மொத்தமாக ஒரு வியாபாரிக்குத் தள்ளிவிட்டிருந்தார். வேட்டி, துண்டு, உள்பாவாடைத் துணி, எங்கள் பிள்ளைகள் மாதா கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கும்போது போடும் கவுனுக்கான துணி, இறந்தவர் உடலுக்குப் போர்த்தும் கஃபன் துணி என்று கடை முழுக்க வெள்ளை.

"வெள்ளையில தப்பு வராதில்ல" என்றார் பாய். மேஜைமேல் இரண்டு வெட்டுத் துணிகள் கிடந்தன. ஒன்று பால்வெள்ளை, இன்னொன்று பழுப்பேறியது. இரண்டையும் ஒன்றாக அடுக்கி ஒரே கவரில் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லலாமா என்று நினைத்து, சொல்லாமல் வந்துவிட்டேன்.

அவர் மனைவி என் படியை மறுபடி மிதிக்கவில்லை. கண்ணாடியை வேறு எங்கோ மாற்றிக்கொண்டார். பிரேம் ஒரு பக்கம் சாய்ந்து மூக்கில் நழுவிக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடத்தில் நிமிர்த்திக் கொடுத்துவிடலாம். சமீபத்தில் காய்கறிக் கடையில் அவரைப் பார்த்தேன். கணவரைப் பாழாக்கிய அதே மாத்திரை அவருக்கும் உண்டா, யாராவது மாதாமாதம் நிற அட்டை காட்டிப் பார்க்கிறார்களா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. "அக்கா" என்றேன். காதில் விழாததுபோலத் தக்காளிக் கூடைக்கு முன்னால் குனிந்துகொண்டார்.

நான் நகராமல் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கூடையில் பாதி காய், பாதி பழம். அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டார். எல்லாமே நன்றாகச் சிவந்த பழங்கள். சிவப்பு தெரிகிறது என்று எனக்கு மூச்சு வந்தது. பிறகுதான் கவனித்தேன், ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டே போட்டுக்கொண்டிருந்தார்.