சுவாமி என்று நான் கேட்ட பாட்டு

பிறையணிந்த பெருமானே, எழுதும் கை தளராதிருக்கவும் எழுதுவது மெய்யாயிருக்கவும் துணை நில்.

இன்று கார்த்திகை விளக்கீடு. நான் ஒரு விளக்கைக் குறித்துச் செய்த பிழையை எழுதிவைக்க இதனிலும் தகுந்த நாள் இல்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில், லண்டன் ஸ்ட்ரெதமில் ஒரு மாடியறையில் ஊரவர் ஒருவருடன் குடியிருந்தேன். மனைவி யாழ்ப்பாணத்தில் இருந்தாள். புறப்படும்போது அவளுக்கு ஒரு கட்டளை இட்டிருந்தேன்: சுவாமியறை விளக்கு ஒருநாளும் ஏற்றப்படாமல் இருத்தல் ஆகாது. பக்கத்து ஒழுங்கையில் ஷெல் விழுந்ததென்றும், தான் வரலாமா என்றும் அவள் எழுதினாள். நான் ஒரு பதிகத்தைப் பிரதிசெய்து, நாள்தோறும் ஓதும்படி அனுப்பினேன். அவளை அழைப்பதற்கான பத்திரங்கள் என் பெட்டியின் அடியில் நிரப்பப்படாமல் கிடந்தன.

ஆயினும் உடல் ஓரிடத்தில் தரிக்கவில்லை. வேலை முடிந்தால் ஹை ரோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடப்பேன், திரும்பி வருவேன், மீண்டும் இறங்குவேன். ஓத அமர்ந்தால் மூன்றாம் அடி மறந்துபோகும்.

கீழ்த்தளத்தில் ஜாவாவைச் சேர்ந்த ஒரு பெண்மணி இருந்தார். முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை. என்னைப் ‘பாக்’ என்பார். அவர்கள் மொழியில் தகப்பனைப் போன்றவரை அழைக்கும் சொல் அது. அவருடைய சமையலறை நாட்காட்டியில் வானளாவிய மூன்று கோபுரங்களைக் கண்டு, எந்த இடம் என்று கேட்டேன்.

“பிரம்பானான். நடுவில் உள்ளது சிவனுடையது. பள்ளியிலிருந்து கூட்டிப்போனார்கள். நாங்கள் முஸ்லிம்கள், படியில் அமர்ந்து சோறு சாப்பிட்டோம், அவ்வளவுதான்.”

சிவன் என்ற சொல்லுக்குப் பின் வந்த எதுவும் என் செவியில் ஏறவில்லை.

சனிக்கிழமை மாலைகளில் அவர் கசெட் போடுவார். புல்லாங்குழல் இழைய, முழவு ‘டங்’ என்றும் ‘டுட்’ என்றும் துள்ளும். அந்த ஓசையைக் கொண்டே அவ்விசைக்கு டங்டுட் என்று பெயராம். ஒரு பாட்டில் பெண் குரலொன்று திரும்பத் திரும்பச் “சுவாமி, சுவாமி” என்று உருகியது. கடல் கடந்த நாட்டிலும் எம்பெருமானை அழைக்கிறார்களே என்று மெய்சிலிர்த்து, படிக்கட்டில் கைகூப்பி நின்றேன். வாரந்தோறும் நின்றேன்.

அறைத்தோழர் ஒருநாள் மேலிருந்து இறங்கினார். “என்ன அண்ணை, படியிலையோ பூசை? வழி விடுங்கோ, ஷிப்டுக்குப் பிந்துது.”

“தம்பி, சிவன் பாட்டு. செருப்பைக் கழட்டும்.”

“கழட்டிறன், கழட்டிறன். பஸ் போனால் உங்கடை சிவனே கொண்டுபோய் விடுவார்?”

எங்கள் பேச்சுக் கேட்டுக் கீழ்க்கதவு திறந்தது. பெண்மணி என் கூப்பிய கைகளைப் பார்த்தார்.

“பாக், யாரைக் கும்பிடுகிறீர்கள்?”

“பாட்டில் வரும் சுவாமியை.”

அவர் சிரித்த சிரிப்பில் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. “சுவாமியா? எங்கள் மொழியில் ‘சுவாமி’ என்றால் கணவன்! அந்த ஆள் வேறு ஊருக்குப் போனவன். திரும்பவும் இல்லை, அவளை அழைக்கவும் இல்லை. கும்பிடத் தகுந்த ஆள் அல்ல, பாக்!”

தோழரும் சிரித்தார். நான் அறைக்கு ஏறினேன்.

உயிரைத் தலைவியாகவும் இறைவனைத் தலைவனாகவும் பாடிய பதிகங்கள் எனக்கு மனப்பாடம். ஏங்கும் பெண்ணின் குரலுக்கு உயிரின் குரல் என்று பொருள் சொல்லியே பழகியவன். பெண்ணின் குரலாக அதைக் கேட்டதில்லை. மனைவியின் கடைசிக் கடிதத்தை எடுத்தேன். வழக்கமான “அன்பும் மதிப்பும் நிறைந்த” என்ற தொடக்கம் அதில் இல்லை. “இஞ்சேருங்கோ” என்று தொடங்கியிருந்தது. அடுக்களையிலிருந்து என்னை அழைக்கும் சொல் அது. வந்த அன்று வாசித்தபோது, முறை தெரியாமல் எழுதுகிறாளே என்று முகம் சுளித்திருந்தேன்.

அன்றே பத்திரங்களை நிரப்பினேன். “விளக்கை அமர்த்திவிட்டு வா” என்று எழுதினேன். ‘அமர்த்தி’ என்னுமிடத்தில் பேனா நின்று நின்று போயிற்று.

அதன்பின் பதினான்கு மாதங்கள். போரால் பாதை மூடியது; திறந்தது; அவள் கொழும்பு சேர்ந்தாள்; விசாவுக்குக் காத்திருந்தாள். நான் ஹை ரோட்டைத் தேய்த்தேன். சனிக்கிழமைகளில் படிக்கட்டில் நின்றேன், கைகூப்பவில்லை, கேட்டேன்.

விமான நிலையத்தில் அவள் தோள் மெலிந்து நின்றாள். நான் வாய் திறக்குமுன் சொன்னாள்: “விளக்கை நான் அமர்த்தேல்லை. எண்ணெய் முடியுமட்டும் எரியட்டும் எண்டு விட்டிட்டு வந்தனான்.” பிறகு, “கூப்பிட இவ்வளவு காலமோ?” என்றாள். நான் அவளுடைய பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

இதோ, கீழிருந்து குரல் வருகிறது: “இஞ்சேருங்கோ, விளக்கேத்த நேரமாச்சு. எழுதினது காணும், வாங்கோ.”

போகிறேன். இதை வாசிப்போர் யாவரும், தம்மை அழைக்கும் குரலைக் காலத்தே கேட்கும் செவி பெற்று, ஏற்றிய விளக்கின் முன் ஒருவரை ஒருவர் பிரியாது நெடிது வாழ்க.