சுபேதார் வீட்டு ரம் காப்பி

காப்பித்தூள் வியாபாரத்தில் இறங்குகிறவன் முதலில் மூக்கைப் பறிகொடுக்கிறான், அப்புறம் நாக்கை. எழுபதுகளில் திருவண்ணாமலை தேரடி வீதிக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு வறுக்கிற டிரம்மும் ஓர் அரைக்கிற மெஷினுமாக நான் கடை போட்டேன். கடை என்று எதையாவது திறந்து வைத்துக்கொண்டு, எதிரே நிற்கிறவர் முகம் சுளிக்கிறதா மலர்கிறதா என்று பார்த்தே ஆயுளைக் கழித்த என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். தூள் சரியில்லை என்று பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் போடுவார்கள், தாங்கிக்கொள்ளலாம். குறை சொன்னவர் செத்துப்போனவராக இருந்தால் என்ன செய்வீர்கள்?

மாமனாரின் புகார்

செத்தவர்களுக்குப் படையல் போடும்போது அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பது எல்லா ஊரிலும் உண்டு. வடை வைப்பார்கள், சுருட்டு வைப்பார்கள், காப்பிப் பிரியர் என்றால் காப்பியும் வைப்பார்கள். வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து நிற்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்களைத் திடுக்கென்று பார்த்துவிடக் கூடாது.

மண்டித் தெரு அம்மாள் ஒருத்தி மாமனாரின் வருஷ திவசம் முடிந்த மறு வாரம் கடைக்கு வந்தாள். படையலுக்கு வாங்கிப்போன தூளில் சிக்கரி கலந்திருந்ததா என்று கேட்டாள். கால் பங்கு கலந்தேன், நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். அவருக்குச் சிக்கரி ஆகாது, கலப்பில்லாத தூளாகக் கொடுங்கள், மறுபடி வைக்கப் போகிறேன் என்றாள். போனது போகட்டும் அம்மா, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமே என்று நான் சொன்னதற்கு அவள் சிரிக்காமல் சொன்ன பதில்:

"உயிரோட இருந்தப்போ ஒரு தரம் திட்டிட்டு விட்ருவாருங்க. இப்ப தெனம் விடியகாலைல கனவுல வந்து டம்ளரைக் கவுத்துட்டுப் போறாரு."

மூடி அளவு

சுபேதார் ஏழுமலை என் வாடிக்கைக்காரர்களில் தனி ரகம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, போளூர் சாலைப் பக்கம் தனி வீட்டில் தனி ஆளாக இருந்தார். பீரங்கிச் சத்தத்தில் காது மந்தம், கையில் நடுக்கம். மாதம் தவறாமல் அமாவாசைக்கு முதல் நாள் வந்து, பிளான்டேஷன் கொட்டையும் பீபரிக் கொட்டையும் சரிபாதி, கொஞ்சம் கொரகொரப்பாக என்று வாங்கிப்போவார். ஒரு தடவை, "கை ரொம்ப ஆடுது, நாளைக்குச் சாயங்காலம் நீங்களே வந்து கலந்து குடுங்க" என்று கேட்டார். அமாவாசையில் மாலை வியாபாரம் மந்தம்தான். போனேன்.

அவர் கலக்கச் சொன்னது ரம் காப்பி. மதுவிலக்கு கெடுபிடியாக இருந்த காலம் அது. பட்டாளத்துக்காரர் என்பதால் அவருக்குக் கோட்டாவில் பாட்டில் வரும். ஆபீசர் மெஸ்ஸில் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டதாம். டிகாக்ஷன் கெட்டியாக, கறுப்பாக இறங்க வேண்டும். சூடாக இருக்கும்போதே பனைவெல்லத்தைத் தட்டிப் போட்டு, சுக்குப்பொடி ஒரு சிட்டிகை சேர்த்துக் கரைக்க வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் கிளாசுக்கு ஒரு மூடி ரம்; அடுப்பில் இருக்கும்போது ஊற்றினால் வாசனை வீட்டைச் சுற்றும், கிளாசில் இருக்காது. கடைசியில் பானைத் தண்ணீரில் கிண்ணத்தோடு குளிரவைத்த பாலாடையை நன்றாக அடித்து, கரண்டியின் முதுகு வழியாக மெல்ல மேலே விட வேண்டும். அது அமிழாமல் மிதக்க வேண்டும். கீழே கொதிக்கிற கறுப்பு, மேலே சில்லென்ற வெள்ளை. எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஆனால் அந்த வாசனையில் என் தொழில் புத்தி மயங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டது.

மூன்று கிளாஸ் கலக்கச் சொன்னார். யார் வரப்போகிறார்கள் என்று கேட்டேன். மூன்றையும் உள் அறையில் பலகை மேல் வரிசையாக வைத்து ஊதுவத்தி ஏற்றினார். என்னை வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்திய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பட்டாளத்துல நம்ம பசங்க மூணு பேரும் பனியில ஒரே நாள்ல போனாங்க. அன்னிக்கு சாயங்காலம் காப்பி கலந்து தரேன்னு சொல்லியிருந்தேன்."

நாக்கு

அவர் கனைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். நான் முதலில் பார்த்தது அளவைத்தான். ஒரு சொட்டும் குறையவில்லை, பாலாடை கலையவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. படையல் போட்டதை வீட்டிலுள்ளவர்கள் எடுத்துக்கொள்வதுதானே முறை. ஒரு கிளாசை என்னிடம் நீட்டினார். ரம் வேண்டாம் என்று மறுத்தேன். வாசனை பார்க்கலாமே என்று மூக்கருகே கொண்டுபோனேன். வாசனையே இல்லை.

ரம் ஆவியாகிப் போகும், ஒப்புக்கொள்கிறேன். காப்பி எங்கே போகும்? விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தேன். இனிப்பில்லை, கசப்பில்லை, சுக்கின் காரமில்லை. கறுப்பாக இருந்தது, சூடாகவும் இருந்தது, ஆனால் பாத்திரம் கழுவிய தண்ணீரில்கூட அதைவிட ருசி இருக்கும். என் கையால் வறுத்த கொட்டை, என் கண்ணெதிரே கரைந்த வெல்லம். மூன்று கிளாசும் அப்படியே. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயந்துபோனேன். பாத்திரத்தில் மிச்சமிருந்ததைத் தொட்டுப் பார்த்தேன். அதில் எல்லா ருசியும் அப்படியே இருந்தது. நான் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்து சுபேதார் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார்.

"இன்னிக்கு ஒண்ணும் மிச்சம் வெக்கல பாருங்க. உங்க தூள் பசங்களுக்குப் புடிச்சிப்போச்சு."

நாலாவது கிளாஸ்

இதெல்லாம் வெளியே சொல்லக்கூடிய சங்கதியா? நான் சொல்லவில்லை. ஆனாலும் எப்படியோ கீழ்பென்னாத்தூர் வரைக்கும் போய்விட்டது. ஒரு நாள் கடை திறந்ததும் பச்சையம்மா என்று ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும், நெற்றியில் பெரிய குங்குமம். கூடவே அவள் கணவனின் அண்ணன். அவள் கணவன் தசரதன் சுபேதாரிடம் இருந்த சிப்பாய். எழுபத்தொன்று சண்டையில் செய்தி கொண்டுபோனவன், திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. காணவில்லை என்று மட்டும் சர்க்காரிலிருந்து எழுதியிருந்தார்கள். அதனால்தான் சுபேதார் அவனுக்கு மட்டும் கிளாஸ் வைப்பதில்லை. உயிரோடு இருக்கிறவனுக்குப் படையல் வைப்பது எமனுக்கு வழிகாட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

அண்ணன் கெட்டவர் இல்லை. தம்பி செத்திருந்தால் இத்தனை வருஷமாக எள்ளும் தண்ணீரும் இல்லாமல் பசியோடு அலைவானே என்று கண் கலங்கினார். தை அமாவாசையில் கருமாதி செய்துவிட வேண்டும், பச்சையம்மாவின் தாலியைக் கழற்றிவிட வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அவள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள். அவனுக்கும் ஒரு கிளாஸ் வைத்துப் பார்ப்பது. ருசி போயிருந்தால் தாலியைக் கழற்றுவது, இருந்தால் அப்புறம் பேச்சே எடுக்கக் கூடாது. பார்த்துச் சொல்ல வேண்டிய நாக்கு என்னுடையது. என்னை விட்டுவிடுங்கள் என்று கும்பிட்டேன். பச்சையம்மா அசையவில்லை.

"நீங்க எனக்காகப் பொய் சொல்ல வேணாங்க. எனக்குத் தெரியணும், அவ்ளோதான்."

ஒரு குறை

தை அமாவாசையன்று சாயங்காலம் நாலு கிளாஸ் கலந்தேன். கதவைச் சாத்தினோம், காத்திருந்தோம், கனைத்துக்கொண்டு திறந்தோம். மூன்றில் வழக்கம்போல் ஒன்றுமில்லை. நாலாவதைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கசப்பு, வெல்லம், சுக்கு, தொண்டையைச் சுடுகிற ரம், எல்லாம் இருந்தன. "இருக்கு, ருசி இருக்கு!" என்று நான் போட்ட சத்தத்தில் பச்சையம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சுபேதார் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நேர்மையான மனுஷர், சும்மா இருந்திருக்கலாம். கழுத்தை நெரிக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது, அவர் திரும்பி மெதுவாக அதைச் சொன்னபோது:

"ஒரு விஷயம், இப்பத்தான் நெனப்பு வருது. தசரதன் ரம் தொடமாட்டான். அவன் பங்கை எப்பவும் பசங்களுக்குக் குடுத்துருவான்."

நுரை

அப்படியானால் நாலாவது கிளாசில் ருசி இருந்தது எதற்கும் சாட்சி இல்லை. பச்சையம்மா எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். பால் இருக்கிறதா என்று என்னைக் கேட்டாள். என் டிகாக்ஷனை எடுத்து, பாலைக் காய்ச்சி, சர்க்கரை தாராளமாக இரண்டு கரண்டி போட்டு, வீட்டில் அவனுக்குக் கலக்கிற மாதிரியே டம்ளரில் கலந்து டவராவில் வைத்தாள். ஆற்றாமல் வைக்கிறாயே என்றேன். "ஆத்துறது அவரு வேலைங்க. கையை ஒசரத் தூக்கி, சத்தம் கேக்க ஆத்துவாரு" என்றாள். மறுபடி கதவைச் சாத்தினோம். அண்ணன் மனசு கேட்காமல் தெருப்பக்கம் போய் பீடி பற்றவைத்தார். சுபேதார் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டார். கதவோரம் நானும் அவளும்தான்.

அப்போது உள்ளே கேட்டது. டம்ளரிலிருந்து டவராவுக்கு, டவராவிலிருந்து டம்ளருக்கு, சர்ரென்று நீளமாக இறங்குகிற சத்தம். அவசரமே இல்லாமல், ரசித்து ஆற்றுகிற சத்தம். சுபேதாரின் காதுக்கு எட்டவில்லை. நான் பச்சையம்மாவைப் பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் தாலியைப் பிடித்துக்கொண்டு, கதவில் நெற்றியை வைத்து நின்றாள். சத்தம் நின்றது. அவள் கனைக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போனாள், பின்னாலேயே நானும். அறையில் யாரும் இல்லை. டம்ளரின் விளிம்பு வரை வெள்ளையாக நுரை நின்றது. அதை எடுத்து மடமடவென்று குடித்தாள். அண்ணன் ஓடிவந்து பார்த்தபோது டம்ளரின் அடியில் துளிதான் மிச்சம். "நல்லா இருக்குது. சக்கரை ஜாஸ்தியாவே இருக்குது" என்றாள். அவர் நம்பாமல் டம்ளரை வாங்கி என்னிடம் நீட்டினார். துளியைத் தொட்டு நாக்கில் வைத்தேன். ஒன்றுமே இல்லை.

பொய் வேண்டாம் என்று என்னிடம் சொன்னவள் அவள்தான். இப்போது அவள் கண்ணில் அந்தப் பேச்சே இல்லை. "ருசி அப்படியே இருக்கு" என்றேன். அண்ணன் டம்ளரை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். தம்பி எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்று சுபேதாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவரை முன்னால் போகவிட்டு, பச்சையம்மா என்னிடம் வந்து கால் கிலோ தூள் கேட்டாள். தாலியை ஒரு கையால் தொட்டுக்கொண்டாள்.

"அவரு பசியோட இருக்கக் கூடாதுங்க, அமாவாசைக்கு அமாவாசை நானே யாருக்கும் தெரியாம வெச்சிடறேன். ஆனா இதைக் கழட்டிட்டா நான் அவருக்கு யாருன்னு வருவாரு?"

காப்பி எப்படி இருந்தது என்று குடித்தவர் சொல்வதுதான் எங்கள் வியாபாரத்தில் கடைசி வார்த்தை என்பதால், அன்றிலிருந்து கீழ்பென்னாத்தூருக்குப் போகிற அந்தக் கால் கிலோவை மட்டும் நான் சிக்கரி கலக்காமல், வாயே திறக்காமல் அரைத்துக் கொடுத்துவருகிறேன்.