செவ்வாய்ச் சந்தையைத் திறக்காத புண்ணியவானுக்கு

நோயைச் சாக்கு வைத்து எங்கள் சந்தையை முழுங்கியது நீங்கள்தான். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், “நான் இல்லை, எனக்கு மேலே இருக்கிறவர்” என்பீர்கள். மேலே போய்க் கேட்டால் கீழே கையைக் காட்டுவார்கள். அதனால் மொத்தமாக ‘நீங்கள்’ என்றே வைத்துக்கொள்கிறேன். யாருக்கு உறைக்கிறதோ அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

மாட்டுத் தரகு வாயால் செய்கிற தொழில் என்று வெளியே இருக்கிறவர்கள் நினைக்கிறார்கள். அது விரலால் செய்கிற தொழில். இலுப்பூரைத் தாண்டி உள்ளே இருக்கிற எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை விடிந்தால் மாட்டுச் சந்தை. விற்கிறவர் ஒரு பக்கம், வாங்குகிறவர் ஒரு பக்கம், நடுவில் நான். தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இரண்டு கைகளுக்கும் மேலே போட்டு மூடிக்கொள்வோம். உள்ளே அவர் என் விரலைப் பிடிப்பார். விற்கிறவர் சொன்ன அடி விலைக்கு மேலே, ஒரு விரலைப் பிடித்தால் ஆயிரம், இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் இரண்டாயிரம். சுற்றி நிற்கிறவனுக்கு எங்கள் மூஞ்சிதான் தெரியும், விலை தெரியாது. தெரிந்துவிட்டால் அடுத்த மாட்டின் விலை படுத்துவிடும். விலை படிந்ததும் தும்புக் கயிற்றை வாங்குகிறவர் கையில் கொடுப்போம். கயிறு கை மாறிய பிறகு பேச்சு மாறக்கூடாது. பத்திரம் எழுதிப் பதிவு பண்ணியதைவிட அது கெட்டி.

அப்படிப்பட்ட தொழிலுக்கு கொரோனா வந்து “தொடாதே” என்றது. சந்தையைப் பூட்டினீர்கள். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. உயிருக்கு மிஞ்சி மாடு இல்லை. ஆனால் அப்புறம் டீக்கடை திறந்தது, ஜவுளிக்கடை திறந்தது, பஸ் ஓடியது, சாராயக்கடை எல்லாருக்கும் முந்தித் திறந்தது. எங்கள் சந்தையை மட்டும் இன்றைக்கு வரைக்கும் திறக்கவில்லை. ஓட்டல் வைத்து, வேன் ஓட்டி, பந்தல் போட்டுப் பிழைத்து அந்த நாளில் அடிபட்ட என் சனங்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் காயம் கொஞ்சமாவது ஆறியிருக்கும். என்னுடையதை ஆற விடாமல் ஒருத்தர் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

ரப்பர் கையுறை

சந்தை பூட்டிய புதிதில் வீடு வீடாகப் போய்த் தரகு பார்த்தேன். அரிமளத்துப் பக்கம் வள்ளி என்று ஒரு பெண், தனி ஆளாகத் தோட்டம் பார்க்கிறவர், கறவை மாடு ஒன்றை விற்க வேண்டும் என்றார். வாங்க வந்தவர் ரெத்தினம். பழம் தின்று கொட்டை போட்ட ஏவாரி, ஆனால் நோய் என்றால் குலை நடுங்கும். மூஞ்சியில் இரண்டு மாஸ்க், கையில் பயிருக்கு மருந்தடிக்கிறவர்கள் போடுகிற தடியான ரப்பர் கையுறை. “கழட்டுங்கண்ணே, வெரலு தெரியாது” என்றேன். “உசுரு தெரிஞ்சாப் போதும்டா” என்றார்.

துண்டைப் போட்டோம். அவர் என் விரலைப் பிடித்தார். இரண்டு விரலும் சேர்ந்து அழுந்தின. நல்ல விலை. எனக்கே ஆச்சரியம். வள்ளியைப் பார்த்துத் தலையாட்டினேன், அவரும் ஆட்டினார், கயிற்றை எடுத்து ரெத்தினம் கையில் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் வாய் திறந்து விலையைச் சொன்னேன் பாருங்கள், மனுஷன் குதித்தார். ஒரு விரலைத்தான் பிடித்தாராம்! ரப்பரின் தடிப்பு பக்கத்து விரலையும் சேர்த்து அமுக்கியிருக்கிறது. “கழட்டச் சொன்னேனா இல்லையா?” என்று நானும் கத்தினேன். தோட்டமே அதிர்ந்தது. என் தரகை விட்டுக்கொடுத்தும் அவருக்கு ஆறவில்லை. ஆனால் கயிறு கை மாறிவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே மாட்டை ஓட்டிப் போனார். வள்ளி என் பக்கம் திரும்பி, சிரிப்பை மாஸ்க்குக்குள் அடக்கிக்கொண்டு சொன்னார்:

“அண்ணே, அடுத்த தடவையும் அவர அந்த ஒறையோடயே வரச் சொல்லுங்க. வெரலு கூடுனா எனக்கு நல்லதுதானே!”

சவுதியிலிருந்து ஒரு பேரம்

சேகர் சவுதியில் டிரைவர். கம்பெனி ஆளைக் குறைத்ததில் வேலை போய், விமானமும் இல்லாமல் ஒரு ரூமுக்குள் அடைந்து கிடந்தான். ஊருக்கு வந்ததும் பால் ஏவாரம் பண்ணிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு ஆசை. “அண்ணே, வீடியோவுல மாட்டைக் காட்டுங்க, நான் வெலையைச் சொல்றேன்” என்றான். சரி என்று பக்கத்து ஊரில் மூக்கையா வீட்டு வாசலுக்குப் போய் மாட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். பல்லைக் காட்டினேன், மடியைக் காட்டினேன். வேலையில்லாத காலம் இல்லையா, தெருவே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. இவன் போனில் விலையைச் சொன்னால் ஊரே கேட்கும். அதனால் துண்டை எடுத்து, போனையும் என் தலையையும் சேர்த்து மூடிக்கொண்டு, குனிந்து உட்கார்ந்து, “இப்ப சொல்லுடா” என்றேன்.

துண்டுக்குள் மூஞ்சியை வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தவனை அந்த நேரத்தில் ஊர் என்னவென்று நினைக்கும்? ஆவி பிடிக்கிறான் என்றுதான் நினைக்கும்! “ஏய், அவருக்கு வந்துருச்சுடி!” என்று ஒரு சத்தம். நான் தலையை வெளியே எடுத்தபோது தெருவில் ஈ காக்கை இல்லை. மூக்கையா மாட்டை அவிழ்த்துக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடிவிட்டார். வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்கிற பெண் என் நெற்றிக்கு நேரே மெஷினை நீட்டிக்கொண்டு நிற்கிறது. கோபத்தில் எனக்கு உடம்பு சுட்டது நிஜம். “இது காய்ச்சல் இல்லம்மா, ஆத்திரம்” என்றால் அந்தப் பிள்ளை எழுதிக்கொள்ள மறுக்கிறது. அந்தப் பேரம் அத்தோடு போச்சு. சந்தை இருந்தால் இந்தக் கூத்தெல்லாம் எதற்கு? இத்தனை கூச்சலையும் போனில் கேட்டுக்கொண்டிருந்த சேகர், பதறிப் போய்க் கேட்டான்:

“அண்ணே, மாட்டுக்கு ஒண்ணும் இல்லையே?”

கயிற்றுக்கடை ராசாத்தி

டிவியில் தொழில்கள் மீண்டு வருகின்றன என்று பேசினார்கள். கார் கம்பெனி, விமானம், ஓட்டல் என்று வரிசையாக வந்தது. நானும் உட்கார்ந்து கடைசி வரைக்கும் பார்த்தேன். எங்களைக் காணோம். ஒரு மாட்டுச் சந்தை என்றால் மாடும் தரகனும் மட்டுமா? கயிறு, மணி, சலங்கை விற்கிறவர்கள், லாடம் கட்டுகிறவர், கம்மங்கூழ் ஊற்றுகிற அம்மா, வைக்கோல் கட்டு போடுகிறவர், மாடு ஏற்றுகிற மினி லாரிக்காரர் என்று அது ஒரு ஊர். அந்த ஊரைப் பூட்டிவிட்டு, அப்படி ஒன்று இருந்ததாகவே யாரும் பேசவில்லை.

ராசாத்தி சந்தை வாசலில் கயிற்றுக்கடை போட்டிருந்தது. மூக்கணாங்கயிறு அது திரித்தால் மாட்டுக்கு மூக்குப் புண்ணாகாது. சந்தை நின்றதும் துணிக்கடை ஓரத்தில் மாஸ்க் விற்றது. அதுவும் ஓய்ந்து, இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறது. வழியில் பார்த்தேன். “தெருத் தெருவாக் கயித்தைக் கொண்டுபோய் வித்தா என்ன?” என்று கேட்டுவிட்டேன். யோசனை சொல்வது சுலபம் பாருங்கள். மண்வெட்டியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு சொன்னது:

“மாஸ்க் விக்க மூஞ்சி இருந்தாப் போதும்ணே. கயிறு விக்க மாடு வரணும்ல?”

வருஷத்துக்கு ஒரு காரணம்

முதலில் நோய் என்றீர்கள், சரி. அப்புறம் இரண்டாவது அலை, சரி. அப்புறம் தேர்தல் நேரம், கூட்டம் கூடாது என்றீர்கள். அப்புறம் மாட்டுக்கே அம்மை வந்தது, அதுவும் நியாயம்தான். அது போனதும் ‘மராமத்து வேலை’ என்று ஒரு போர்டு வந்தது. மராமத்து வரவில்லை. சந்தைப் பேட்டைக்குள் இப்போது சக்கரம் கழன்ற குப்பை வண்டிகள் நிற்கின்றன. மாடு நின்ற இடத்தில் கருவேலம் என் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. புல்லாவது வளர்ந்திருந்தால் ஆட்டுக்காவது ஆகும்.

பொறுக்க முடியாமல், சந்தையைப் பூட்டின ஆபீசுக்கே போனேன். கூட கருப்பையா வந்தார். என்னைப் போலத் தரகர்தான், ஆனால் என் வாய் கிழிகிற இடத்தில் அவர் வாய் சிரிக்கும். உள்ளே இருந்தவர் ஃபேனுக்கு அடியில் நாற்காலியை நகர்த்திக்கொண்டு, “ஏங்க, சந்தை இல்லாமலே வியாபாரம் நடக்குதுல்ல? அப்புறம் என்ன அவசரம்?” என்றார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மேசையைத் தட்டப் போன என் கையைக் கருப்பையா பிடித்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

“லாக்டவுன்ல ஆபீஸ் தொறக்காமலே ஒங்களுக்குச் சம்பளம் வந்துச்சுல்ல சார், அதுக்காக ஆபீஸை இடிச்சுப்புட்டோமா?”

வாசலுக்கு வந்த விலை

சிரிக்கிற கதையெல்லாம் முடிந்தது. இது வேறு.

பழனிச்சாமி எனக்கு மச்சான் முறை. வானம் பார்த்த பூமி, ஒரு ஜோடி உழவு மாடு. பிள்ளை மாதிரி வளர்த்தது. மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. குறித்த நாளுக்குள் போய்ச் சேரவேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். மாட்டை விற்பது என்று முடிவு பண்ணினார். நான் அந்த வாரம் மணப்பாறைப் பக்கம் அலைந்துகொண்டிருந்தேன். எங்கள் சந்தை செத்த பிறகு எந்தத் தரகன் ஊரில் இருக்கிறான்? அந்த நேரம் பார்த்து வெளியூர் ஆள் ஒருத்தன் லாரியோடு வாசலில் வந்து நின்றிருக்கிறான். துண்டும் இல்லை, விரலும் இல்லை. ஒரே விலை. “குடுத்தாக் குடுங்க, இல்லாட்டி அடுத்த ஊருக்குப் போறேன்.”

நான் வந்து விலையைக் கேட்டதும் வாயில் வராத வார்த்தை எல்லாம் வந்தது. சந்தையில் அந்த ஜோடியை நிறுத்தியிருந்தால், என் விரலைப் பிடிக்க ஏவாரிகள் முண்டியிருப்பார்கள். ஒருத்தன் மூஞ்சியைப் பார்த்து இன்னொருத்தன் ஏற்றியிருப்பான். மகளைச் சேர்த்தும் ஒரு கன்றுக்குட்டியாவது மிஞ்சியிருக்கும். இப்போது பிள்ளை படிக்கப் போய்விட்டது. அதுவரைக்கும் சந்தோஷம். தொழுவம் காலி, உழவுக்கு அடுத்த வீட்டு டிராக்டரைக் கெஞ்ச வேண்டும். “எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல மச்சான்?” என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. காலியான கட்டுத்தறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நாலு பேரு கேட்டாத்தான் மச்சான் அது வெலை. ஒருத்தன் மட்டும் சொன்னா அது உத்தரவு.”

சுவருக்கு வெளியே ஒரு சந்தை

அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. கருப்பையாவும் நானுமாக ஊர் ஊராகச் சொல்லி வைத்தோம்: செவ்வாய்க்கிழமை காலையில் பேட்டைச் சுவருக்கு வெளியே, ரோட்டோரம் மாட்டைக் கொண்டுவாருங்கள், பார்த்துக்கொள்ளலாம். யார் வருவார்கள் என்று எனக்கே சந்தேகம்தான். வந்தார்கள். கட்டுமாவடியில் மீன் ஏவாரம் பார்க்கிற ஒருத்தர்கூட, வீட்டுப் பாலுக்கு மாடு வேண்டும் என்று மகன் வண்டியில் அத்தனை தூரம் வந்திருந்தார். வேலைக்கு லீவு போட்டுவிட்டு ராசாத்தி கயிற்றுக் கட்டோடு வந்து நின்றது. வெகு காலத்துக்கு அப்புறம் துண்டை உதறிப் போட்டு, உறையில்லாத ஒரு கையைப் பிடித்தேன். காய்ப்புக் காய்த்த கை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், விலை படிந்த பிறகும் அந்தக் கையை நான் விடவில்லை. நாங்கள் மீண்டு வர லோன் வேண்டாம், திட்டம் வேண்டாம், யாரும் வந்து பேச வேண்டாம். நிற்க ஒரு இடம் போதும் என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

வெயில் ஏறுவதற்குள் ஒரு ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரி இந்தப் பக்கத்துக்குப் புதுசு. ரோட்டை மறித்து நிற்கிற மாடுகளைப் பார்த்ததும் அவருக்கு வந்த கோபத்தில் தப்பில்லை. “ஏன்யா, இவ்வளவு பெரிய சந்தைப் பேட்டை இருக்குதுல்ல? ரோட்டுல நின்னு உசுரை வாங்குறீங்க! உள்ள போய் வியாபாரம் பண்ண வேண்டியதுதானே?” என்று சத்தம் போட்டார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கருப்பையா கையைக் கூப்பிக்கொண்டே முன்னால் வந்தார்:

“சாவியைக் குடுங்க சார், இந்தாப் போயிர்றோம்!”

நோயிடம் பேரம் படியாது என்று அன்றைக்கே வாயை மூடிக்கொண்டவன் நான், ஆனால் புண்ணியவானே, இன்றைக்கு உங்களிடம் பேச எனக்குத் துண்டும் வேண்டாம் விரலும் வேண்டாம், ஊரறிய ஒரே விலைதான் சொல்கிறேன்: வருகிற செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் சந்தையைத் திறந்துவிட்டு மறுவேலை பாருங்கள்.