வாங்க என்று சொல்லாத அம்மணி

இங்கே நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று முதலிலேயே உறுதிமொழி தருகிறேன். எங்கள் வீட்டு நாயிடம் சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டது.

சென்ற மாதம் என் தங்கை மகள் சுகந்திக்குச் செய்முறைத் தேர்வு. நூற்பாலையில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவள், அதை விட்டுவிட்டு பெரியநாயக்கன்பாளையம் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரியில் திசு வளர்ப்புப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். வாழைக் குருத்தைத் துணுக்காக நறுக்கி, பாட்டிலுக்குள் வளர்த்து, ஒன்றை ஆயிரம் கன்றாக்கும் வித்தை. தேறினால் தொண்டாமுத்தூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. தவறினால் மறுபடி மில். அவளுக்குத் துணையாக, நால்வகைப் படையும் நானே என்கிற தோரணையில் கிளம்பினேன்.

காலை ஆறு மணிக்குப் பொள்ளாச்சியில் பஸ். உக்கடம் நாற்பது கிலோமீட்டர். கிணத்துக்கடவு தாண்டியபின் சக்கரம் தரையைத் தொட்டதாக எனக்கு நினைவில்லை. ஒரு பருந்து எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கியது. உக்கடத்திலிருந்து டவுன் பஸ்ஸில் காந்திபுரம், பிறகு மேட்டுப்பாளையம் சாலையில் இன்னும் பதினெட்டு கிலோமீட்டர் போல. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, படைகளுக்கு உண்டு. உலகத்து வாழைத்தோட்டமெல்லாம் நம்பியிருக்கும் விஞ்ஞானியை அழைத்துப் போகிறேன் என்று நடத்துனரிடம் விளக்கினேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "உங்களுக்கு ஒண்ணு, உங்க வாய்க்கு ஒண்ணு, ரெண்டு டிக்கெட் போட்டுறட்டுங்களா?"

தேர்வு அறைக்குள் எனக்கு அனுமதியில்லை. வராந்தாவில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நாலு பெண்கள், வெள்ளைக் கோட்டும் முகமூடியுமாக, சுத்தமான காற்றை ஊதிக்கொண்டேயிருக்கும் பெட்டிகளுக்குள் கையை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். சுகந்தி கத்தியைத் தீயில் காட்டி, ஆறவிட்டு, குருத்தை வெட்டினாள்.

அப்போது, ஆள் எடுக்க வந்திருந்த தொண்டாமுத்தூர் ஆய்வுக்கூட முதலாளியே கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். ஒவ்வொருவர் பின்னாலும் நின்று, எந்த ஊர், சாப்பிட்டாச்சா என்று விசாரித்தார். ஒருத்தி எழுந்தே நின்றுவிட்டாள். மற்ற இருவரும் பெட்டியிலிருந்து கையை வெளியே எடுத்து, கும்பிட்டு, வாங்க என்றார்கள். சுகந்தி மட்டும் திரும்பவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எங்கள் பக்கத்தில் பங்காளிச் சண்டையில் பேச்சுவார்த்தை நின்றுபோனவன் வந்தாலும் வாங்க என்று சொல்லிவிட்டுத்தான் முகத்தைத் திருப்புவோம். கண்ணாடியைத் தட்டினேன். "கண்ணு, வாங்கன்னு சொல்லு." அவள் அசையவில்லை. பலமாகத் தட்டினேன். பயிற்சி ஆசிரியை ஓடிவந்து, "அண்ணா, அந்தக் கையைக் கொஞ்சம் மடக்கி வெச்சுக்குங்க" என்றார்.

முதலாளி வெளியே வந்ததும் வழிமறித்து, குலப்பெருமை முழுவதையும் எடுத்துரைத்து மன்னிப்புக் கேட்டேன். மரியாதை தெரிந்த பிள்ளைதான், இன்றைக்கு என்னமோ ஆகிவிட்டது என்றேன்.

"ஏனுங்க, தொறந்த பாட்டிலுக்கு முன்னால பேசுனாலும் கையை வெளிய எடுத்தாலும் கிருமி உழுந்துருமுங்க" என்றார் அவர். "வாங்கன்னு சொல்றதுக்கு எங்கூட்டுலயே எட்டுப் பேரு இருக்கறாங்க. எனக்கு இந்த அம்மணிதான் வேணும். ஆனா ஒரு வாரம் பாட்டில் தெளிவா இருக்கோணும்."

திரும்பி வரும்போது, உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறியதும் அவள் சொன்னாள்: "நீங்க தட்டுன தட்டுல கை நடுங்கிப்போச்சுங்க மாமா. பாட்டில் பூஞ்சை புடிச்சா மில்லுக்கு நீங்கதான் போகோணும்."

அந்த ஒரு வாரம் நான் சோறு தண்ணீர் தொடவில்லை. (இட்லி கணக்கில் வராது.) எட்டாம் நாள் கல்லூரியிலிருந்து போன் வந்தது. மற்ற மூவரின் பாட்டில்களிலும் வெள்ளையாகப் பூஞ்சை; அவர்களுக்கு மறுதேர்வு உண்டாம். சுகந்தியின் பாட்டில் தெளிவு.

பிள்ளைகளை இப்படிப்பட்ட பயிற்சிக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு: பத்தாம் வகுப்பு படித்திருந்தாலே சேர்த்துக்கொள்ளும் இடங்கள் உண்டு, விசாரியுங்கள். தேர்வன்று பூ, வளையல் வேண்டாம். காந்திபுரத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள். மாமனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது உத்தமம்.

மற்றபடி, பருந்து ஒதுங்கவில்லை, பஸ் தரையில்தான் ஓடியது, அந்த வாரம் வழக்கத்தைவிட அதிகமாகவே சாப்பிட்டேன். இத்தனை அளப்பில் ஒரு சின்னச் சங்கதி மட்டும் நிஜம்: சுகந்தி இப்போது பகலில் வேலைக்குப் போய், ராத்திரி தூங்குகிறாள்.