டீச்சர் வீட்டுப் பந்தி

பாளையங்கோட்டை யூனிஸ் டீச்சர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு நடந்து போனவர்கள் குறைவு. உருண்டு போனவர்களே அதிகம். இலையின் மேல் குப்புறப் படுத்து மறித்தாலும், முதுகிலாவது ஒரு கரண்டி வைத்துவிட்டுத்தான் நகர்வார்.

அப்படிப்பட்டவர் தலையில்தான் பள்ளிக்கூடத்தில் அந்தப் புதுப் பாடத்தைக் கட்டினார்கள். உடம்பு, சுகாதாரம், உறவு என்று மூன்றாம் வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட். மற்ற டீச்சர்கள் வெட்கப்பட்டுத் தள்ளிவிட்டது இது. இவருக்கும் கூச்சம்தான், ஆனால் எடுத்ததை அரைகுறையாய் விடுகிற ஆள் இல்லை. கன்னத்தைக் கிள்ளுவது, கட்டிப்பிடிப்பது, முத்தம் கேட்பது எல்லாவற்றுக்கும் ஒரே விதி சொன்னார்.

"ஒங்க உடம்பு ஒங்களுக்குத்தான் சொந்தம். ஒருத்தர் வேண்டாம்னா ரெண்டாந்தரம் கேக்கப்படாது. வேணும்னா கையத் தூக்கி, வாயத் திறந்து சொல்லணும்."

பிள்ளைகள் அதைப் பாட்டாகவே பாடினார்கள்.

அந்த வகுப்பில் படிக்கும் ஸ்டெஃபியின் தாய்மாமன் மெர்வின்தான் டீச்சர் மகள் ஸ்வீட்லினுக்குப் பார்த்த மாப்பிள்ளை. போட்டோவைக் காட்டியபோது ஸ்வீட்லின் பேசாமல் இருந்தாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். பேச்சு பாதிக்கு மேல் முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் திசையன்விளையிலிருந்து கை நனைக்க வந்திருந்தார்கள். சாப்பிட்ட பிறகுதான் கடைசி வார்த்தை. மாப்பிள்ளையின் அப்பா பாக்கியசீலன் பலசரக்கு வியாபாரி, பெண் வீட்டின் தாராளத்தைப் பந்தியிலேயே எடைபோடுகிறவர். இந்த இடம் தட்டிப்போகக் கூடாதே என்று டீச்சருக்கு ஒரே பதைப்பு.

முதல் சுற்று முடிந்ததும் கறிச் சட்டியோடு வந்தார். "போதும் டீச்சர், போதும்," என்று பாக்கியசீலன் இலைக்கு மேல் கையை விரித்தார், விரலுக்கு விரல் நல்ல இடைவெளி விட்டு. திருநெல்வேலிச் சீமையில் இதற்கு ‘இன்னும் வை’ என்று அர்த்தம் என்பது சின்னப் பிள்ளைகளுக்குத்தான் தெரியாது.

"அதெப்படி அண்ணாச்சி, ஒரே ஒரு துண்டு..."

"டீச்சர்!" தாத்தாவுக்குப் பக்கத்து இலையில் இருந்த ஸ்டெஃபி எழுந்தே நின்றுவிட்டாள். "தாத்தா போதும்னு சொல்லுதாங்கல்லா? ரெண்டாந்தரம் கேக்கப்படாதுன்னு நீங்கதான சொன்னிய?"

கரண்டி அந்தரத்தில் நின்றது. வைத்தால் பாடம் போச்சு. நாளைக்கு இந்தப் பிள்ளை யார் முன்னால் நின்று வேண்டாம் என்று சொல்லும்? வைக்காவிட்டால் சம்பந்தம் போச்சு. கரண்டியைச் சட்டிக்குள் போட்டார்.

"பிள்ள சொல்லுதது சரிதான் அண்ணாச்சி. மன்னிச்சுக்கிடுங்க."

பாக்கியசீலன் வெறும் சோற்றைப் பிசைந்தார். சட்டியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார், அந்த அம்மாள் நல்லி எலும்போடு மும்முரமாக இருந்தார்.

"தாத்தா, வேணும்னா கையத் தூக்கணும்," என்று சொல்லிக்கொடுத்தாள் ஸ்டெஃபி.

வியாபாரத்தில் எவனிடமும் இறங்கி வராத மனிதர் இடக்கையைப் பைய உயர்த்தினார். "டீச்சர், எனக்குக் கறி வேணும்."

வீடே சிரித்தது. டீச்சர் அள்ளி அள்ளி வைத்தார். அப்போதுதான் அப்பளத் தட்டோடு நின்ற மகள் கண்ணில் பட்டாள். இவளிடம் யாருமே கேட்கவில்லையே என்று டீச்சருக்குச் சுருக்கென்றது.

"ஏளா ஸ்வீட்லின், இந்த மாப்பிள்ள ஒனக்கு வேணுமா, வேண்டாமா? எதுன்னாலும் இப்பவே சொல்லிரு."

ஸ்வீட்லின் மெர்வினை ஒருதரம் நன்றாகப் பார்த்தாள். தட்டை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையைத் தூக்கினாள்.

மெர்வினுக்குப் புரையேறியது.