மேகம் என்று போட்டேன்

கல்லூரி இரண்டாம் ஆண்டு விடுமுறையில் திருவள்ளூரில் ஒரு வரைபட அலுவலகத்துக்குப் பயிற்சிக்குப் போனேன். செயற்கைக்கோள் படத்தில் வயல், ஏரி, வீடு என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு வரைந்து, பட்டியலில் உள்ள பெயரைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மூன்றாம் வாரம் கும்மிடிப்பூண்டி பக்கம் எங்கள் ஊர் வந்தது. எங்கள் வீட்டைத் தேடினேன். அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு தொழிற்சாலையின் புகைபோக்கியில் முடிந்தது.

"சார், இது மேகம் இல்ல, பொகை" என்றேன் மேற்பார்வையாளரிடம்.

"லிஸ்ட்ல பொகைன்னு இருக்குதா?"

இல்லை.

"அப்ப மேகம்னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போம்மா. இதுல இன்னா பேஜாரு?"

போட்டேன். எங்கள் தெருவே மேகத்துக்குள் போனது. பிழையில்லாத வேலை என்று சான்றிதழில் எழுதிக் கொடுத்தார்கள்.

அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனபோது அம்மா கொடியிலிருந்து துணிகளை எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டையெல்லாம் கரித்தூள்.

"ஒரு மேகம்கூட இல்லியேன்னு நம்பிக் காயப் போட்டேன், பாரு" என்றாள்.